உப்புப் பார்க்கும் குழல்: மலிவு ரிஃப்ரக்டோமீற்றர் வாவிக்கரைக்குச் சரிவருமா?

கறுப்புப் பெட்டி, உள்ளே நுரைமெத்தை, ஒரு சாண் நீளக் குழல், சொட்டு விடும் குழாய், குட்டி ஸ்குறூ டிரைவர், துடைக்க ஒரு துண்டுத் துணி. 0 முதல் 100 ‰ (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு, பி.பி.ரி. என்பதும் இதுதான்) வரை அளவுகோல் போட்டு, ‘ஏ.ரி.சி.’ (சூட்டுக்குத் தானாகவே திருத்தும் ஏற்பாடு) என்று முதுகில் எழுதி வரும் கைப்பிடி ரிஃப்ரக்டோமீற்றர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாமான்தான். லேபல்தான் ஆளுக்கு ஒன்று. இறால் குளம் வைத்திருப்பவரும் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவரும் வாவித் தண்ணீரை வயலுக்கு எடுக்கலாமா என்று யோசிப்பவரும் கடைசியில் வந்து நிற்பது இதில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சாமான் நல்லது. கூட வரும் தாள்தான் மோசம். ‘காய்ச்சி வடித்த நீரை விடு, பூச்சியத்துக்குத் திருகு, பிறகு அள’ என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மூன்று வரியை நம்பினால் மட்டக்களப்பு வெயிலில் நாலைந்து பி.பி.ரி. பிசகுவது சாதாரணம்.

முதலில் இது எதை அளக்கிறது என்பது தெரிய வேண்டும். உப்பை இது பார்ப்பதே இல்லை. சாய்ந்த கண்ணாடி அரியத்தின் மேல் விட்ட தண்ணீரில் ஒளி எவ்வளவு முறிகிறது என்பதைப் பார்க்கிறது. அவதிக் கோணம் என்ற எல்லைக்கு ஒரு பக்கம் வெளிச்சம் வராது, மறுபக்கம் வரும். கண்வில்லைக்குள் மேலே நீலமும் கீழே வெள்ளையும் சந்திக்கும் கோடு அதுதான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைக்குப் புதினமான விசயம் இல்லை. ஆனால் இலக்கங்களைப் பார்த்தால்தான் கருவி எவ்வளவு நுட்பமான வேலை செய்கிறது என்பது விளங்கும். 20 பாகை (செல்சியஸ்) சூட்டில் தூய நீரின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளி முறியும் அளவு, 1.3330. 35 ‰ கடல்நீருக்கு 1.3394. முழு வித்தியாசமே 0.0064. அதைத்தான் 35 கோடுகளாகப் பிரித்து உங்கள் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். ஒரு கோட்டுக்கு 0.0002 கூட வராது. இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு மண் கீறலும், ஒரு காற்றுக் குமிழும், பத்துப் பாகைச் சூடும் என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

சூட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. தண்ணீர் 20 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போனால் அதன் முறிவுச்சுட்டி 0.001 அளவில் இறங்கும். மேலே சொன்ன கோட்டுக் கணக்கில் அது ஐந்துக்கு மேல். அதாவது 20 ‰ குளம் 15 என்று காட்டும். இதைத் திருத்தத்தான் ஏ.ரி.சி. என்ற ஏற்பாடு. குழலுக்குள் ஓர் ஈருலோகக் கீற்று இருக்கிறது. சூடு ஏற ஏற அது வளைந்து அளவுகோலை ஈடுசெய்யும் பக்கம் நகர்த்தும். நல்ல உபாயம். ஆனால் அந்த மலிவு ரகங்களில் இது வேலை செய்யும் எல்லை 10 முதல் 30 பாகை வரைதான், பெட்டியிலேயே போட்டிருக்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் எங்களுடைய பக்கம் மத்தியான நிழலே 30 ஐத் தாண்டிப் போகும். வெயிலில் வரம்பில் வைத்த குழல், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த குழல், தகரக் கொட்டிலுக்குள் தொங்கிய குழல் எல்லாம் 40 ஐத் தொட்டிருக்கும். அங்கே அந்தக் கீற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

இதில் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் ஒரு விசயம் உண்டு. குளத்துத் தண்ணீர் சூடாக இருப்பதால் பிழை வரும் என்று நினைத்து, தண்ணீரைப் போத்தலில் ஆறவைத்துவிட்டுச் சூடான குழலில் அளப்பார்கள். அரியத்தில் விடுவது இரண்டு மூன்று சொட்டு. அது அரை நிமிசத்தில் கண்ணாடியின் சூட்டுக்கு வந்துவிடும். தண்ணீரின் சூடு பெரிய விசயம் இல்லை, கண்ணாடியின் சூடுதான் விசயம். ஆகவே குழல், பூச்சியம் பார்க்கும் தண்ணீர், அளக்க வேண்டிய தண்ணீர் மூன்றையும் ஒரே நிழலில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு, முதலில் பூச்சியம் பார்த்து, உடனே அளந்துவிட வேண்டும். விடியக் காலை ஆறரை, ஏழு மணிக்கு அளந்தால் பாதிச் சிக்கல் இல்லை.

வாங்கிய கையோடு ஏ.ரி.சி. உண்மையா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏ.சி. போட்ட அறையில் 24 பாகையில் உப்புக் கரைசல் ஒன்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழலையும் கரைசலையும் வெளித்திண்ணையில் 30 பாகை நிழலில் இருபது நிமிசம் வைத்து மறுபடி அளவுங்கள். திருத்தம் வேலை செய்தால் ஒரு கோட்டுக்குள் நிற்கும். மூன்று, நான்கு கோடு இறங்கினால் ‘ஏ.ரி.சி.’ என்பது முதுகில் எழுத்து மட்டும்தான், திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனையை வெறும் தண்ணீரில் செய்ய வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே கோடு இல்லாததால் இறங்கியது கண்ணில் படாது.

பூச்சியம் பார்க்க எந்தத் தண்ணீர்? கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் போதும். பக்கத்து இறாக்கையில் அதே மாதிரிப் போத்தலில் அசிட்டும் இருக்கும், லேபலைப் பார்த்து எடுங்கள். அவசரத்துக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரும் பாதகமில்லை, அதில் உள்ள உப்பு ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். எழுவான்கரைக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கிணறு கோடையில் எவ்வளவு உவர்க்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனித் தாளில் இல்லாத பாதி. பூச்சியம் சரி என்பதால் 35 சரி என்று ஆகிவிடாது. பூச்சியத் திருகு முழு அளவுகோலையும் மேலே கீழே தள்ளும், அவ்வளவுதான். கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் பிழையாக அச்சடிக்கப்பட்டிருந்தால் திருகு ஒன்றும் செய்யாது. அத்துடன் இந்தக் குழல்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கடல்நீருக்கென்று அளவுகோல் போட்டது. மற்றது வெறும் கறியுப்புக் கரைசலுக்கு, அதாவது சோடியம் குளோரைட்டுக்குப் போட்டது. கடல்நீரில் மக்னீசியமும் சல்பேற்றும் கல்சியமும் கலந்திருப்பதால் அதே எடை உப்புக்கு ஒளி முறிவது சற்று வேறு. கறியுப்பு அளவுகோல் உள்ள குழல் 35 ‰ கடல்நீரை 36½ என்று காட்டும். இரண்டு சாதியும் வெளியே பார்க்க ஒன்றேதான். விற்பவருக்கே தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு தராசு போதும். பொடியாக வரும் மேசை உப்பைத் தாச்சியில் பத்துப் பதினைந்து நிமிசம் மெல்லிய சூட்டில் வறுத்து ஈரம் போக்கி ஆறவையுங்கள். அதில் 36.5 கிராம். பற்றரித் தண்ணீர் 963.5 கிராம். இரண்டையும் நிறுத்தே எடுக்க வேண்டும், லீற்றர்க் கணக்கு ஆகாது. 0.1 கிராம் காட்டும் தராசு நல்லது. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு என்றால் அரைக் கோடு அங்கேயே போய்விடும், பரவாயில்லை என்றால் பரவாயில்லை. அயடீன் சேர்த்த உப்பாக இருந்தாலும் ஒன்றுமில்லை, அந்த அளவு இந்தக் கருவிக்குத் தெரியாது. கல்லுப்பு மட்டும் வேண்டாம். ஈரமும் மண்ணும் எவ்வளவு என்று தெரியாது. இந்தக் கரைசல் கடல்நீர் அளவுகோலில் 35 என்று விழ வேண்டும். 36½ அளவில் விழுந்தால் உங்களுடையது கறியுப்புச் சாதி. குப்பையில் போட வேண்டியதில்லை, திருகை வைத்து இந்தக் கரைசலில் 35 க்குக் கொண்டு வந்துவிடுங்கள். பூச்சியம் ஒன்றரைக் கோடு பிசகும். ஆனால் 25 க்கு மேல் அளப்பவருக்கு அதுதான் சரியான திருத்தம். 5, 10 ‰ தண்ணீரில் வேலை என்றால் பூச்சியத்தையே சரியாக வைத்திருங்கள். நடுவில் நின்றால், எந்தப் பக்கத்தில் அதிகம் அளக்கிறீர்களோ அந்தப் பக்கத்தில் சரிசெய்வதுதான் புத்தி. கரைசலை இறுக மூடும் போத்தலில் ஊற்றி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மூடி தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும்.

சிலர் இவ்வளவும் எதற்கு, கல்லடிக் கடலில் ஒரு போத்தல் அள்ளி வந்து 35 இல் வைத்தால் போச்சு என்பார்கள். அது பிழை. வங்காள விரிகுடாவுக்குள் பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீர், வாடைக் காற்றுக் காலத்தில் இந்தக் கரை வழியாகத் தெற்கே இறங்குகிறது. கார்த்திகை முதல் தை வரை கரையோரக் கடல் 35 இல் நிற்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அள்ளினால் கேட்கவே வேண்டாம்.

அளக்கும் கையையும் கொஞ்சம் கவனியுங்கள். மூடித் தகட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் சொட்டு ஆவியாகும், உப்பு கூடிக் காட்டும். விட்டதும் மூட வேண்டும். மூடும்போது குமிழ் சிக்கினால் கோடு பல்லுப் பல்லாக இருக்கும். அழுத்தாமல் மறுபடி திறந்து சொட்டு விடுங்கள். முப்பது செக்கன் பொறுத்து, வானத்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள், சூரியனை நேரே அல்ல. கலங்கல் தண்ணீரில் கோடு மங்கும். களிமண் மிதப்பதால் அளவு பெரிதாக மாறாது, கண்ணுக்குத்தான் தெரியாது. கால் மணித்தியாலம் தெளியவிட்டு மேல்த் தண்ணீரை எடுத்தால் போதும்.

மாரியில் வேறு ஒரு சிக்கல் வரும். மழைத் தண்ணீர் பாரம் குறைவு, உவர்த்தண்ணீரின் மேலே படுத்துக்கொள்ளும். கரையில் நின்று கையால் அள்ளிய தண்ணீரில் 3 என்று பார்த்துவிட்டு உப்பு இறங்கிப் போச்சு என்று பதறுவார்கள். இறால் கிடக்கும் அடியில் 10 ஆக இருக்கலாம். அடித்தண்ணீர் எடுக்கத் தடி ஒன்றில் வெறும் போத்தலைக் கட்டி, வாயைக் கோர்க்கால் அடைத்து, கோர்க்கில் ஒரு நூல் கட்டி இறக்குங்கள். அடியில் போனதும் நூலை இழுத்தால் போத்தல் அங்கேயே நிரம்பும். மேல், அடி இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டிய கிழமையில் வாவியிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுபவர் காலையும் மாலையும் பார்க்காமல் ஏற்றக் கூடாது. வெள்ளம் இறங்கி முடிந்ததும் கடல் உள்ளே வரத் தொடங்கும், ஒரே நாளுக்குள் இலக்கம் மாறும். பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுப் பையின் உப்பும் குளத்து உப்பும் 5 ‰ க்கு மேல் விலகியிருந்தால் அப்படியே கொட்டாமல் மணித்தியாலக் கணக்கில் மெல்லக் கலந்து இறக்க வேண்டும். இந்த வேலைக்கு, பையிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அந்த இடத்திலேயே பார்ப்பதற்கு, இந்தக் குழலை மிஞ்சியது இல்லை.

சரிவராத இடங்களும் உண்டு. குடிநீர்க் கிணறு அதில் முதலாவது. எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்க் கட்டளை, மொத்தக் கரைதிண்மம் லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது இந்தக் குழலில் அரைக் கோடு. வயலும் அப்படித்தான். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டும்போதே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். குழலில் பார்த்தால் ஒன்றரை, இரண்டு கோட்டுக்குள் முடிந்துபோகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாவியோரம் சிறுபோகம் செய்பவர் இந்தக் குழலை நம்பித் தண்ணீர் பாய்ச்சக் கூடாது.

இந்த இரண்டுக்கும் ரி.டி.எஸ். (மொத்தக் கரைதிண்மம்) பேனா அல்லது ஈ.சி. (மின்கடத்துதிறன்) பேனாதான். ரி.டி.எஸ். பேனாவும் கரைந்ததை நிறுப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து 0.5 ஆலோ 0.7 ஆலோ பெருக்கிக் காட்டுகிறது. ஒரே கிணற்றில் இரண்டு பேனா 500, 700 என்று சண்டை பிடித்தால் இரண்டும் பழுதில்லை, பெருக்கும் எண்தான் வேறு. அதனால் ஈ.சி. யை நேரே காட்டும் பேனாவை வாங்குவது மேல். பேனாவைச் சோதிக்க, லீற்றருக்கு 0.7456 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு உள்ள கரைசல் 25 பாகையில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். அந்தப் பொற்றாசியம் குளோரைட்டு பாடசாலை ஆய்வுகூடத் தரத்தில் இருக்க வேண்டும். பசளைக் கடையில் விற்கும் எம்.ஓ.பி. என்ற பொற்றாஷ் பசளையும் பெயரளவில் அதே இரசாயனம்தான், ஆனால் அந்தச் சிவப்புத் தூளில் திருத்தம் செய்ய வேண்டாம். பேனா பெரும்பாலும் 9,990 பி.பி.எம். (ஏறத்தாழ 10 ‰) உடன் நின்றுவிடும். வாவித் தண்ணீரில் தோய்த்தால் பிழைச் செய்திதான் வரும். நைத்திரேற்று, புளோரைட்டு எவ்வளவு என்று எந்தப் பேனாவும் சொல்லாது.

மேல் எல்லையிலும் குழலுக்கு ஒரு சுவர். 100 ‰ உடன் முடிகிறது. கருவாட்டுக்கு ஊறவைக்கும் செறிந்த உப்புத் தண்ணீர் 260 ‰ வரை போகும். விதைநெல்லில் பதர் பிரிக்க முட்டை மிதக்கும்வரை உப்புப் போடும் தண்ணீர்கூட 100 ஐத் தாண்டியது. அங்கே முட்டையே நல்ல கருவி. கட்டாயம் அளக்கத்தான் வேண்டும் என்றால் 100 கிராம் உப்புத் தண்ணீரில் 300 கிராம் நல்ல தண்ணீர் சேர்த்து அளந்து நாலால் பெருக்குங்கள். இங்கும் நிறுத்துத்தான், ஏனென்றால் ‰ என்பது கிலோவுக்குக் கிராம். 35 ‰ கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 36 கிராம் அளவில் இருக்கும்.

கரைந்திருப்பது உப்பா சீனியா என்பதும் இதற்குத் தெரியாது. நூற்றுக்கு ஒன்று சீனிக் கரைசலை 8 ‰ உப்பு என்று காட்டும். குளத்துக்குப் போடும் மொலாசஸ் (கரும்புப் பாகு) அளவு ஆயிரம் லீற்றருக்குச் சில பத்துக் கிராம்தான், அதனால் குளத்து அளவு கெடாது. நுண்ணுயிர்க் கரைசல் ஊறவைத்த பீப்பாவுக்குள் சொட்டு எடுத்து ‘உப்பு’ பார்ப்பதுதான் வீண். வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்: ஹிங்குராணைப் பக்கம் கரும்புச் சாற்றில் சீனி பார்க்கும் பிறிக்ஸ் குழலும், பற்றரி அசிட்டும் கூலன்ரும் பார்க்கும் கராஜ் குழலும் இதே உருவம், இதே பெட்டி. பிறிக்ஸ் குழலில் கடல்நீர் 4½ அளவில் நிற்கும். பொதி பிரித்ததும் கண்வில்லைக்குள் ‰ குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீற்றர் இதைவிட மலிவு, ஒழுங்காகச் செய்ததென்றால் துல்லியமும் உண்டு. ஆனால் அதன் தண்டில் எத்தனை பாகைக்குச் செய்தது என்று எழுதியிருக்கும். 15 பாகைக்குச் செய்ததை 30 பாகைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் 5 ‰ அளவு குறைத்துக் காட்டும். அட்டவணை பார்த்துத் திருத்த வேண்டும், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் வேண்டும், காற்றில்லாத இடமும் வேண்டும். குளத்து வரம்பில் மூன்றும் கிடைக்காது. வெள்ளி நைத்திரேற்று நியமிப்பு எல்லாவற்றையும் விடத் திடமானது: அளவியில் சொட்டுச் சொட்டாக விட்டு, பொற்றாசியம் குரோமேற்று செங்கல் நிறமாகும் இடத்தில் நிறுத்தி, கடல்நீர்க் குளோரைட்டை 1.80655 ஆல் பெருக்கினால் உவர்ப்பு வரும். குரோமேற்று நஞ்சு என்பதால் அதை ஆய்வுகூடத்துக்கே விட்டுவிடலாம். சந்தேகம் வரும்போது ஒரு மாதிரியைக் கொடுத்துக் குழலை ஒப்பிட அது உதவும்.

யப்பான் அட்டாகோ போன்ற கம்பெனிக் குழல் பல மடங்கு விலை. தண்ணீர் புகாத உடம்பும் உறுதியான திருகும் கிடைக்கும். பொரிப்பகம் நடத்துபவருக்கு அது நியாயம். ஒரு குளம், இரண்டு குளம் வைத்திருப்பவருக்கு மலிவு ரகமும் மேலே சொன்ன உப்புக் கரைசலும் போதும்.

மலிவு ரகம் சாவது எப்படி என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலும் குழாயடியில் முழுதாகக் கழுவுவதால்தான். தண்ணீர் உள்ளே போய் வில்லையில் புகை மாதிரிப் படியும், கோடு மறையும். அரியத்தை மட்டும் நல்ல தண்ணீர்ச் சொட்டால் இரண்டு தரம் கழுவி, ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அரியக் கண்ணாடி மென்மையானது, விரலில் ஒட்டிய கடற்கரை மணல் ஒன்று போதும் கீற. மூடித் தகடு பிளாஸ்டிக், வெயிலில் நெளிந்தால் தண்ணீர்ப் படலம் ஒரு பக்கம் தடித்துக் கோடு சரிந்து தெரியும். பூச்சியத் திருகை மூடும் சின்ன ரப்பர் மூடி முதல் மாதமே தொலையும். அந்தத் துவாரத்தால் உப்புக் காற்று போனால் திருகு கறள் பிடித்து இறுகிவிடும், பலவந்தமாகத் திருப்பினால் தலை வழுக்கும். மூடி தொலைந்த அன்றே இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு சுற்றிவிடுங்கள்.